அது உப்பை எடுக்குமா கண்ணு?

எங்க கிளாஸ்ல மினி ப்ராஜெக்ட் டைட்டில் கேட்டாங்க. ‘கார்பன் நானோ குழாயால் நொய்யலைச் சுத்தம் செய்வோம்’னு கெத்தா எழுதிக் கொடுத்துட்டு திருப்பூருக்கு பஸ் ஏறினேன். சாயப்பட்டறையில வேலை பார்க்கிற மாமாகிட்ட பெருமையா சொன்னா, அவர் கேட்டது ஒரே கேள்விதான்... “அது உப்பை எடுக்குமா கண்ணு?”

க்ளீன் போல்டு!

ஏன்னு கேளுங்க. பனியன் துணியில சாயம் ஏறணும்னா தண்ணியில உப்பை அள்ளிக் கொட்டணும். சாயம் துணியில ஏறிடும். உப்பு தண்ணியோட வெளியே வந்துடும். பல வருஷம் அது நொய்யலுக்குத்தான் போச்சு. பாசனத்துக்காக 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி தேங்குற குட்டையாச்சு. அணையால வாழ வேண்டிய விவசாயிங்களே கோர்ட் படியேறினாங்க. ‘கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது’னு 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. நடக்கலை. 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லிடுச்சு. அப்போ நான் சின்னப் பையன். மாமா வேலைக்குப் போகாம வீட்டுலயே இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு.

சரி, நம்ம ஹீரோவுக்கு வருவோம். 1991-ல் ஜப்பான் விஞ்ஞானி சுமியோ இஜிமாவோட கட்டுரையால உலகப் புகழ் பெற்றது இந்தக் குழாய். கார்பன் அணுக்களைப் பாய் மாதிரி சுருட்டினா எப்படி இருக்கும்... அதுதான். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு! நைட்ரிக் அமிலத்துல போட்டுச் சூடுபண்ணினா மேல்பரப்புல ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிக்கும். அதுக்குத் தண்ணியில மைனஸ் சார்ஜ். ஈயம், தாமிரம், காட்மியம் அயன்களுக்கு பிளஸ். அப்புறமென்ன... கப்புனு பிடிச்சுக்கும். டிஸ்டில்டு வாட்டர்ல ஈய உப்பைக் கரைச்சு டெஸ்ட் பண்ணினா ரிசல்ட் ஜொலிக்கும்.

நிஜ சாயத்தண்ணி வேற கதை. காலேஜ் டைம் டவுன்பஸ் மாதிரி சோடியமும் கால்சியமும் முண்டியடிக்கும். சாய மூலக்கூறுகளும் சீட் பிடிச்சுடும். அந்த உப்பு மொத்தத்தையும் இழுக்கிற வேலை நம்ம குழாயால ஆகாது.

அப்போ வேஸ்ட்டா? அதான் இல்லை!

குடிநீர்ல ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுனு நம்ம நாட்டுத் தரக்கட்டுப்பாடு சொல்லுது. இவ்வளவு துளியூண்டு ஈயத்தை சாதாரண கருவியால ஒழுங்கா அளக்க முடியாது. இங்கேதான் நம்மாளு என்ட்ரி. ஒரு லிட்டர் கிணத்துத் தண்ணியை, நானோ குழாய் அடைச்ச சின்ன சிரிஞ்ச் வழியா மெதுவா விடணும். அயன்கள் அதுல தங்கிடும். அப்புறம் 10 மில்லி நீர்த்த அமிலத்தால கழுவினா எல்லாம் இறங்கிடும். கணக்குப் போடுங்க... 100 மடங்கு அடர்த்தி! இப்போ கருவியால அளக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. உப்புத் தொல்லை இங்கேயும் உண்டு. அதனால அதே தண்ணியில தெரிஞ்ச அளவு ஈயத்தைக் கலந்து, போட்டது முழுசா திரும்ப வருதானு பார்த்துடணும். வரலைனா நம்ம ரீடிங்கை நம்பக் கூடாது.

ப்ராஜெக்ட் டைட்டிலை மாத்திட்டேன் பாஸ்: ‘நொய்யல் கரைக் கிணறுகளில் என்ன இருக்கிறது?’ கெத்து கொஞ்சம் கம்மிதான். ஆனா மாமா, “ஆகட்டும், நம்ம தோட்டத்துக் கிணத்துல இருந்தே ஆரம்பி”னு காலி கேனை எடுத்து நீட்டிட்டார்.

நீங்களும் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது உங்க ஊர்த் தண்ணியில ஒரு கேன் பிடிச்சுட்டு வாங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!