ஊரே உப்பு, குழியில் உப்பில்லை

"மௌனமாக ஜெபிப்போம்" என்று ஆயர் சொன்ன மறுகணம் அது கேட்க ஆரம்பித்துவிடும். பாட்டு நடக்கிறவரை அதற்கு ஓர் அடக்கம் உண்டு. கீபோர்டு, தபேலா, நூறு தொண்டைகள், இவற்றுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சபை வாயை மூடியதும் எழுந்து உட்காரும். என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கிட்டார் ஆம்பிலிருந்து, உம்ம்ம்ம் என்று. எத்தனை பேர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் திறந்துதான் வைத்திருப்பேன்.

போன கோடைவரை, ஏறக்குறைய பதினைந்து வருடமாக, இதற்கு நான் சொல்லிவந்த பதில் ஒன்றே. "எதிர்ல டேனரி இருக்கில்ல, மோட்டார் ஓடுது, அதான்." ஆம்பூரில் எதற்கும் டேனரிமேல் பழி போடலாம். ஆற்றுக்கு, கிணற்றுக்கு, மூக்கு அடைப்புக்கு. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

நான் வளர்ந்தது ஒரு தோல் ஷாப்பின் பின்சுவரை ஒட்டிய வீட்டில். அப்பாவுக்கு அங்கே டிரம்மில் வேலை. ஆளுயரத்தைத் தாண்டிய மர டிரம். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும். ராத்திரி முழுக்கச் சுற்றும். அந்த மோட்டார் உறுமலில் தூங்கிப் பழகியவர்களுக்கு அது நின்றால்தான் விழிப்பு வரும். கரண்ட் போனால் வீடே எழுந்து உட்காரும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்ட் 28-ல். சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் அது பாடம். எங்களுக்கு அது வேறு மாதிரி ஞாபகம். வழக்கு நடந்த வருடங்களில் பல ஷாப்புகள் மூடிக் கிடந்தன. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கமும் சில வாரம் சத்தமில்லை. அப்பா நடுராத்திரியில் வாசற்படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். தூக்கம் வரவில்லையா என்று கேட்டால், "என்னமோ காது அடைச்ச மாதிரி இருக்குடா" என்பார். ஆகவே இந்த உம் என்ற சத்தத்தை முழு விரோதியாக நினைக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

அதற்கு ஒரு சுருதியும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. ஆம்பிலிருந்து வருவது அந்த 50-ம், அதன் இரட்டிப்பான 100-ம், அதற்கு மேலே உள்ள மடங்குகளும். கிட்டாரில் ஆறாவது தந்தியின் மூன்றாம் கட்டை அழுத்தினால் வருகிற ஜி சுரம் 98. ஆக, ஹம் என்று சொல்லப்படும் இந்த உம், நம் ஊரில் கொஞ்சம் சுருதி ஏறிய ஜி. ஜி மேஜர் பாட்டுகளில் அது ஓரளவு மறைந்துகொள்ளும், ஆனால் பொருந்தாது. அமெரிக்காவில் மின்சாரம் 60 என்பதால் அவர்கள் ஹம் பி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவில் எங்கோ திரிசங்காகத் தொங்கும். 90-களில் தென்னிந்திய மின் கட்டமைப்பில் மாலை வேளைகளில் 50 என்பது 49-க்கும் கீழே சரிவது சகஜம். 49-ல் நின்றால் அதன் இரட்டிப்பு 98, அச்சு அசலான ஜி. நான் கிட்டார் பழகிய அந்த நாட்களில் சாயங்காலப் பயிற்சியின்போது ஹம் தம்புரா மாதிரி சேர்ந்துகொள்ளும் என்று நான் சொன்னால் பாடகர் குழுவில் சிரிப்பார்கள். கணக்குப்படி அது நடக்கக்கூடியதுதான். 2013 டிசம்பர் 31 அன்று தென்னகக் கட்டமைப்பை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைத்தார்கள். இப்போது மின்சாரம் 50-ஐ விட்டு அதிகம் நகர்வதில்லை. ஹம்மும் நிரந்தரமாகச் சுருதி பிசகியே நிற்கிறது.

போன கோடையில் ஆலயத்துத் தண்ணீர் கூலரைப் பார்க்க ஒயர்மேன் பாய் வந்திருந்தார். நான் பயிற்சிக்கு ஆம்பை ஓடவிட்டிருந்தேன். காது கொடுத்தவர், "என்ன தம்பி இது, மாடு கத்துது" என்றார். வழக்கமான பதிலைச் சொன்னேன். எதிர்ச் சுவரைப் பார்த்தார். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அங்க லீவாச்சே. எந்த மோட்டார் ஓடுது?"

பதினைந்து வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி வேறு அப்போது வந்து மாட்டிவிட்டாள். "மைக் உதட்டுல பட்டா சுர்ருங்குது அங்கிள்." பாய் நேராகக் குனிந்து என் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். மூன்று கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவதை ஒடித்தது நான்தான். ஆம்ப் வாங்கிய புதிதில் ஒருமுறை ஹம் தாங்க முடியாமல் போனபோது யாரோ சொன்ன யோசனை. ஒடித்ததும் பாதிச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு மறந்துவிட்டேன். நம் ஊரில் ஒயர் முனையைச் சுவிட்ச் போர்டு ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி செருகி இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிற எனக்கு என் பிளக்கைப் பார்க்கத் தெரியவில்லை.

இது விளையாட்டான சங்கதி இல்லை. கிட்டாரின் தந்திகள் உள்ளே எர்த்தோடு இணைந்தவை. வாசிக்கிறவன் இடது கை எப்போதும் தந்தியில், உதடு மைக்கில். இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் அது கடந்துபோகும் பாலம் அவன் உடம்பு, வழியில் இருதயம். 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று பிரிட்டனில் ஸ்வான்சீ நகர மேடையில் மைக்கைத் தொட்டு இறந்தது இப்படித்தான். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் சொந்த வீட்டில், கிட்டாரோடு.

பாய் புதிய மூன்று பின் பிளக் போட்டார். பிறகு போர்டில் எர்த் இருக்கிறதா என்று ஹோல்டரில் மாட்டிய நூறு வாட் குண்டு பல்பால் சோதித்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் சிம்னி விளக்கு மாதிரி செம்மையாக முனகியது. (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், அவர் நாற்பது வருடம் இதே வேலையில் இருப்பவர்.) "எர்த் குழி எங்க இருக்கு?" என்றார். செயலாளருக்குத் தெரியவில்லை. பொருளாளருக்குத் தெரியவில்லை. கடைசியில் மதிலோரம் குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தினால் அடியில் உடைந்த சிமெண்ட் மூடி. உள்ளே புழுதி, ஒரு செத்த வண்டு, பொருக்கு விட்ட ஜி.ஐ. குழாய். கிளாம்பைத் தொட்டதும் கையோடு வந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டுப் பாய் சொன்னார். "ஊரே உப்பு. உங்க குழியில மட்டும் உப்பில்ல."

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பைத் தடவித்தான் லாரி லாரியாக இங்கே கொண்டுவருகிறார்கள். ஷாப்பில் தோலிலிருந்து உதறிய உப்பு குவியல் குவியலாகக் கிடக்கும். நிலத்தடி நீரில் இறங்கியதும் முக்கியமாக அதுவே. எர்த் குழிக்கும் வேண்டியது அதே உப்புதான். குழாயைச் சுற்றி உப்பும் கரியும் அடுக்கி நீர் விட்டு வைத்தால் மண் மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். காய்ந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும். தண்ணியில்லாத ஆறு என்று வேலூர்ப் பக்கத்தைக் கிண்டல் செய்வார்கள். மே மாதத்தில் ஆறே அப்படி என்றால் மூடிக்குள் இருக்கும் குழி எம்மாத்திரம்? கூலர் கசியவிட்ட மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டு மிக்சர், மைக் என்று ஆலயமெங்கும் உலாவிக்கொண்டிருந்திருக்கிறது. உப்புக் கரித்த கிணற்றுப் பக்கம் குழி தோண்டினால் எர்த் நன்றாகக் கிடைக்கும் என்றும் பாய் சொன்னார். கெட்டுப்போன நிலத்தால் உண்டான ஒரே லாபம் இதுவாகத்தான் இருக்கும். குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது உபரி.

புதுக் குழாய், புதுக் கிளாம்பு, கல் உப்பு, கரி, நாலு குடம் தண்ணீர். சுர் நின்றது. ஆம்பைப் போட்டேன். உம்ம்ம்ம், முன்னைவிடப் பலமாக!

எர்த் குழி உயிருக்கு. ஹம்முக்கு மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் எந்தச் சத்தத்துக்குப் பயந்து காலை ஒடித்தேனோ அந்தப் பழைய சத்தம் திரும்பி வந்திருந்தது. ஆம்ப் பலிபீடத்துக்குப் பக்கத்துப் பிளக்கில். மிக்சர் வாசலோரம் வேறொரு பிளக்கில். இரண்டும் தனித்தனி எர்த் ஒயரில் போய் எங்கோ சேர்கின்றன. நடுவே ஆம்பிலிருந்து மிக்சருக்குப் போகும் ஆடியோ கேபிளின் வலையுறையும் அவற்றை இணைக்கிறது. ஆலயத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையம். வளையம் கிடைத்தால் மின்சாரத்துக்குச் சுற்றிவரக் கேட்க வேண்டுமா? இதைத்தான் கிரவுண்ட் லூப் என்பார்கள். மருந்து சாதாரணம்: எல்லாவற்றுக்கும் ஒரே பிளக்கிலிருந்து நீண்ட போர்டு. அது முடியாத இடத்தில் நடுவே ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர். ஆடியோ தாவிப் போகும், எர்த் அங்கேயே அறுபடும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. அறுக்க வேண்டியது ஆடியோ கேபிளின் எர்த். பிளக்கின் எர்த் அல்ல. இந்த ஒரு வரி தெரியாமல்தான் பதினைந்து வருடம்.

பிறகு மிஞ்சியது உம் இல்லை, ஜ்ர்ர்ர் என்று கூர்மையான வேறு சத்தம். இதைக் கண்டுபிடித்தது பாடகர் குழுவின் கல்லூரிப் பையன். ஆண்கள் பக்கத்து மின்விசிறியை மூன்றில் வைத்தால் வருகிறது, முழுசாக வைத்தால் போய்விடுகிறது. கட்டம் கட்டமாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுழலும் வகை ரெகுலேட்டர்கள் மின்சார அலையை ஒவ்வொரு தடவையும் நடுவில் நறுக்கி அனுப்புகின்றன. அந்த நறுக்கின் கூர் விளிம்புகள் பிக்கப்பில் போய்க் குத்தும். 2012 வாக்கில் மின்வெட்டுக் காலத்தில் மலிவு இன்வெர்ட்டரில் வாசித்தவர்களுக்கு இந்த ஜ்ர்ர்ர் நன்றாக நினைவிருக்கும். அதன் சதுர அலை முழுக்க விளிம்புதான். ஆராதனை நேரத்தில் விசிறியை அணைக்கலாம் என்று வேலூர் வெயிலில் யாரும் பேசக்கூட முடியாது. கட்டம் வைத்த ரெகுலேட்டராக மாற்றினோம்.

கடைசியில் கிட்டாரே. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. தந்தியின் அசைவையும் பிடிக்கும், காற்றில் திரிகிற 50-ஐயும் பிடிக்கும். பேதம் பார்க்கத் தெரியாது. இதைத் தீர்த்தவர் கிப்சன் கம்பெனிப் பொறியாளர் செத் லவர், 1955-ல். இரண்டு காயில். ஒன்றின் சுற்று மற்றதற்கு எதிர்த் திசை, காந்தமும் தலைகீழ். காற்றில் வருகிற ஹம் காந்தத்தைச் சட்டை செய்யாது. அதனால் ஒன்றில் நேராகவும் மற்றதில் எதிராகவும் பதிந்து தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். தந்தியின் அசைவோ இரண்டு தடவை புரட்டப்படுகிறது. உள்வெளியாகத் தைத்த கையுறையைப் புரட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை புரட்டினால் பழையபடி ஆகிவிடுமல்லவா, அதேதான். பெயர் ஹம்பக்கர். என் கிட்டாரோ 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வழியில் செய்த ஒற்றைக் காயில் ஜாதி. அந்தக் கண்ணாடிக் குரலை விட எனக்கு மனசில்லை. ஒற்றைக் காயிலில் ஹம் நாம் உட்காரும் திசையைப் பொறுத்துக் கூடும், குறையும். போன வருட ஆலயக் காலண்டரில் பாடகர் குழு மொத்தமும் சபையைப் பார்க்க, நான் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதன் காரணம் அதுதான்.

காயிலை மாற்றாமல் கவசம் போட்டோம். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் நண்பன் கிட்டாரின் உட்குழிக்குக் காகிதத்தில் அளவெடுத்தான். பூஜைச் சாமான் கடையில் யந்திரம் எழுத விற்கிற மெல்லிய செப்புத் தகடு. தோல் சீவுகிற கத்தியால் அவன் அதைக் கோழியிறகு மாதிரி வெட்டினதைப் பார்க்க வேண்டும். சொல்யூஷன் தடவி ஒட்டினோம். மீட்டர் வைத்தால் துண்டுக்குத் துண்டு தொடர்பே இல்லை. பசை நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தைத் தடுக்கிறது. கவசம் ஒரே உடம்பாக எர்த்தில் சேராவிட்டால் வெறும் அலங்காரம். ஒவ்வொரு விளிம்பிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். தகடு சூட்டையெல்லாம் குடித்துவிடுவதால் சின்ன அயர்ன் உதவவில்லை. என் கட்டைவிரலில் இரண்டு கீறல். ஜ்ர்ர்ர் மிச்சமும் போனது. 50-ன் காந்த ஹம் கொஞ்சம் இருக்கிறது. செம்பு அதைத் தடுக்காது. அந்த அளவுக்கு நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

"இவ்வளவு எதுக்கு அங்கிள், ஒரு நாய்ஸ் கேட் பெடல் வாங்கினா முடிஞ்சது" என்றான் கல்லூரிப் பையன். வாசிக்காதபோது அது வாசலை அடைத்துவிடும், உண்மைதான். வாசித்தால் திறக்கும், ஹம்மும் கூடவே வெளியே வரும். மெதுவாகத் தேய்ந்து போகிற கடைசி சுரத்தை நடுவில் கடித்துத் துப்பும். சுர்ரென்ற மைக்கை அது என்ன செய்யும்?

அடுத்த ஞாயிறு ஆயர் மௌன ஜெபம் சொன்னார். விசிறிகளின் கிறீச், யாரோ ஒருவரின் கொட்டாவி, ரயில்வே கேட் பக்கமிருந்து ஹாரன். முன்வரிசைப் பெரியம்மா முடிந்ததும் என்னிடம் வந்து, "என்ன தம்பி, இன்னிக்கு மெஷின் போடலையா?" என்றார்.

குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பாய் சொல்லிப் போயிருந்தார். கமிட்டியில் அது பெரிய விவாதமானது. லாரித் தண்ணீர் வாங்குகிற மாதத்தில் மண்ணுக்குள் ஊற்றுவதா, குரோட்டன்ஸே வாடுகிறதே என்று பெண்கள் ஐக்கியச் செயலாளர் கேட்டார். நியாயம்தான். ஆயர் அறையின் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாய் மதிலோரம் சும்மா கிடந்தது. அதை இழுத்துக் குழி மூடியின் உடைந்த ஓரத்தில் செருகிவிட்டேன்.