கோட்டையைக் கரைக்கும் குளியலறை

முற்றுகைகளையும் மணற்புயல்களையும் தாண்டி எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றுவிட்ட ஜெய்சால்மர் கோட்டைக்கு இன்றைய எதிரி தண்ணீர். அதுவும் பாலைவனத்தில்.

1156ல் ராவல் ஜெய்சால் எழுப்பிய கோட்டை இது. திரிகூட மலை என்று பெயர் பெரிதாக இருந்தாலும், அடியில் இருப்பவை மென்மையான மணற்கல்லும் களிமண் படிவங்களும்தான். ஆண்டுக்கு 20 செ.மீ. மழைகூடத் தேறாத பூமி என்பதால் கட்டியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வந்த தண்ணீரை யாரும் வீணாக்கவும் மாட்டார்கள். மிஞ்சிய கொஞ்சமும் திறந்த சாக்கடையில் ஓடிக் காய்ந்துவிடும்.

பிறகு குழாய் வந்தது. பின்னாலேயே பயணிகளும் வந்தார்கள். 1974ல் சத்யஜித் ராயின் 'சோனார் கேலா' படம் வெளியானதும் வங்காளிகள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள், வெளிநாட்டவரும் சேர்ந்துகொண்டார்கள். வீடுகள் விடுதிகளாயின. அறைக்கு அறை குளியலறை. கசிந்த நீர் களிமண்ணில் இறங்க, மண் ஊதி நழுவ, 1990களில் சில கொத்தளங்கள் சரிந்தன. 1996ல் உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் ஆபத்துப் பட்டியலில் கோட்டையைச் சேர்த்தது. 2013ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பட்டம் கூட்டத்தைக் கூட்டும், கசிவை அடைக்காது.

விடுதிகளை மொத்தமாகக் காலி செய்யுங்கள் என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். ஜெய்சால்மரை வளர்த்த ஒட்டக வணிகம் பம்பாய் துறைமுகத்தின் எழுச்சியால் நலிந்தது. 1947ல் எல்லைக் கோடு சிந்துவுக்கான பாதையையும் அடைத்தது. அதன் பிறகு ஊருக்குச் சோறு போட்டது சுற்றுலாதான். மக்கள் இன்றும் குடியிருக்கும் அபூர்வமான கோட்டை இது. அவர்களை அப்புறப்படுத்தினால் பயணி பார்க்க வெறும் கல்தான் மிஞ்சும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. சுற்றிப் பார்ப்பதும் கடை விரிப்பதும் மேலே. இரவு தங்குவதும் குளிப்பதும் கீழே. விடுதியை இழக்கும் குடும்பத்துக்கு அடிவாரத்தில் இடமும் கடனும் தரவேண்டும். பயணிகளிடம் ஒரு சிறு கட்டணம் வசூலித்து, அதைச் சாக்கடைப் பராமரிப்புக்கு மட்டுமே செலவிடவேண்டும். கோட்டையால் பிழைப்பவர்கள் கோட்டைக்குச் செலவு செய்வதில் தவறில்லை.

கோட்டைக்கு வெளியிலும் இதே பிரச்சினைதான். ஊர்மக்கள் கோயில் காடாகக் காத்துவந்த ஓரண்கள் பல, அரசு ஏடுகளில் தரிசு. தரிசு என்றால் சூரிய மின்நிலையமோ காற்றாலையோ வைக்கலாம். மேய்ச்சல் போகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. 2021ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கச் சொன்னது. 2024ல் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது.

இதே மண்ணில் பாலிவால் விவசாயிகள் 'கடீன்' என்ற கரைகளைக் கட்டி, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, அந்த ஈரத்திலேயே கோதுமை விளைவித்தார்கள். எவ்வளவு நீர் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் விவசாயம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சுற்றுலாத் துறையும் அறைகளை எண்ணும் முன் குடங்களை எண்ணலாம்.