‘தெரியாது’ என்பதற்கும் ஓர் எழுத்து

போன தவணைப் பரீட்சையில் விடை தெரியாத ஒரு வினாவுக்கு அரைப் பக்கம் எழுதி வைத்தேன். வெறுமையாக விட்டால் வெட்கம் என்ற எண்ணம். ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய நட்டம், எனக்கு எது தெரியாது என்பதை என்னிடமிருந்தே மறைத்துக்கொண்டதுதான்.

அதன் பின்னர்தான் பழ ஈயின் கதையை வாசித்தேன். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அதே சிறிய ஈ. 2000 மார்ச்சில் விஞ்ஞானிகள் அதன் டீ.என்.ஏ. எழுத்து வரிசையை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 12 கோடி எழுத்துகள். சுமார் 13,600 பரம்பரையலகுகள்.

அன்றைய இயந்திரங்கள் ஒரு தடவைக்குச் சுமார் 500 எழுத்துகளையே வாசித்தன. ஒரே பத்திரிகையின் பல பிரதிகளைத் தாறுமாறாகக் கிழித்து, ஒரு துண்டின் கடைசிச் சொற்கள் இன்னொரு துண்டின் முதற் சொற்களோடு ஒத்துப்போவதைப் பார்த்து ஒட்டுவது போன்ற வேலை அது. 30 இலட்சத்துக்கும் அதிகமான துண்டுகளைக் கணினி பொருத்தியது. ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் எந்தத் துண்டு எங்கே சேரும் என்று அதற்கும் தெரியவில்லை.

விஞ்ஞானிகள் அங்கே கதை எழுதவில்லை. ‘என்’ என்ற எழுத்தை இட்டார்கள். ஏ, சி, ஜி, டி ஆகிய நான்கில் எது என்று தெரியாது என்பதே அதன் பொருள். உலகம் மெச்சிய அந்த வரிசை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடைவெளிகளோடுதான் வெளிவந்தது. ஊகித்து நிரப்பியிருந்தால் பிழையும் சரியைப் போலவே தோன்றியிருக்கும். யாரும் தேடியிருக்க மாட்டார்கள். குறித்து வைத்ததால் 2002 இல் அவற்றில் பெரும்பாலானவை நிரப்பப்பட்டன. அந்த ஆய்வறிக்கையின் முதற் பெயர் சூசன் செல்னிக்கர் என்ற பெண்மணியுடையது.

மனித நோய்களோடு தொடர்புடைய பரம்பரையலகுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஒத்தவை இந்த ஈயிலும் உண்டு. அங்கே ஒரு பொய் எழுத்து இருந்தால், அதை நம்பிச் செய்யும் ஆய்வும் வழிதவறும்.

பரீட்சையில் முயன்று பார்ப்பது வேறு. தெரியாததைத் தெரிந்ததாக நம்பிக்கொள்வது வேறு. தோழியரே, “விளங்கவில்லை, டீச்சர்” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பெற்றோரே, பிள்ளை “தெரியாது” என்றால் ஏசாதீர்கள், “எந்த இடத்தில் விளங்கவில்லை?” என்று கேளுங்கள்.

என் உயிரியல் கொப்பியின் ஓரத்தில் இப்போது பல ‘என்’கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அழித்து வருகிறேன்.