நூறில் ஒரு பங்கு வினாடி



2028ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிகள் தொடங்குகின்றன. ஜூலை 30 வரை நடைபெறும். இந்த இரண்டு தேதிகளையும் என் வகுப்புக் குறிப்பேட்டின் பின் அட்டையில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன். கோடைக்காலத்தில் அந்நகரின் கடிகாரம் நம்முடையதைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே மாலை 7 மணிக்கு ஓடப்படும் பந்தயம் நமக்கு மறுநாள் காலை 7.30 மணிக்குத் தெரியும். நீங்கள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் அது! காலைப் பலகாரத் தட்டும் கையுமாகத் தொலைக்காட்சியின் முன் நிற்கப்போகும் பலரில் நானும் ஒருவன்.

"சார், இந்த முறை நமக்கு எத்தனை பதக்கம் கிடைக்கும்?" என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கும்? அந்த வேறுபாட்டை எப்படி அளப்பார்கள்? இந்தக் கேள்வியோடு காத்திருந்தால் ஒலிம்பிக் போட்டிகள் இன்னும் சுவையாக இருக்கும் என்பது என் கருத்து. சுவை மட்டுமல்ல, நம்மைப் பற்றி நாமே கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணமும் அகலும்.

இதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1984இல் நடந்த ஒன்றை முதலில் பார்ப்போம். பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. இறுதிப் போட்டியில் நம் பி.டி. உஷா எடுத்துக்கொண்ட நேரம் 55.42 வினாடி. ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு எடுத்துக்கொண்டது 55.41 வினாடி. வெண்கலப் பதக்கம் ருமேனியாவுக்குப் போயிற்று. உஷாவுக்கு நான்காம் இடம்.

நூறில் ஒரு பங்கு வினாடி என்பது எவ்வளவு? ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கிடுங்கள். 400 மீட்டரை 55.42ஆல் வகுத்தால் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7.2 மீட்டர். அதை 0.01ஆல் பெருக்கினால் 0.072 மீட்டர், அதாவது 7 சென்டிமீட்டர். உங்கள் கட்டை விரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 400 மீட்டர் ஓடி, பத்துத் தடைகளைத் தாண்டிய பிறகு, பதக்கத்துக்கும் உஷாவுக்கும் இடையே இருந்த தூரம் அந்த நான்கு விரற்கடைதான்! எல்லைக் கோட்டை முதலில் தொட வேண்டியது ஓடுபவரின் உடற்பகுதி. தலையோ, கையோ, காலோ கணக்கில் வராது. கடைசி அடியில் மார்பை எவ்வளவு முன்னே சாய்க்கிறார் என்பதே ஒரு பதக்கத்தைத் தீர்மானித்துவிடும்.

இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நம்புவதற்கு முன், ஓட்டத்தின் தொடக்கம் எல்லாருக்கும் சமமாக இருந்ததா என்று கேட்க வேண்டாமா? 100 மீட்டர் ஓட்டத்தில் எட்டுத் தடங்கள் உள்ளன என்போம். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தின் அருகே துப்பாக்கி வெடித்தால், எட்டாம் தடத்தில் இருப்பவரை அடைய ஒலி ஏறத்தாழ 8.5 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். ஆகவே அவருக்கு வெடியொலி 0.025 வினாடி தாமதமாகக் கேட்கும். உஷா இழந்ததைப் போல இரண்டரை மடங்கு! இந்த அநீதியைப் போக்கத்தான் இன்று ஒவ்வொரு ஓட்டக்காரரின் பின்னாலும் ஓர் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். மின் குறிப்பு கம்பி வழியே எல்லா ஒலிபெருக்கிகளையும் ஒரே கணத்தில் அடைந்துவிடுகிறது.

முடிவை அளக்கும் கருவியும் வியப்புக்குரியது. எல்லைக் கோட்டுக்கு நேராக வைக்கப்பட்ட ஒளிப்படக் கருவி அந்தக் கோட்டை மட்டுமே படம் எடுத்துக்கொண்டிருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயன்பட்ட கருவியால் வினாடிக்கு 40,000 படங்கள் வரை எடுக்க முடிந்தது. அங்கே ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 9.784 வினாடியிலும், ஜமைக்காவின் கிஷேன் தாம்ப்சன் 9.789 வினாடியிலும் ஓடினார்கள். நூறில் ஒரு பங்கு வரை மட்டும் பார்த்தால் இருவரின் நேரமும் 9.79தான். ஆயிரத்தில் ஐந்து பங்கு வினாடியில், அதாவது 5 அல்லது 6 சென்டிமீட்டரில், தங்கம் யாருக்கு என்று முடிவாயிற்று.

அப்படியானால் இன்னும் நுண்ணிய கருவி, இன்னும் சரியான தீர்ப்பு என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் நீங்கள் சற்று நிதானிக்க வேண்டும்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் நூறில் ஒரு பங்கு வினாடி வரை சமமாக வந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, 0.002 வினாடி முந்தியதாக லார்சனுக்குத் தங்கம் தரப்பட்டது. அந்த நேரத்தில் நீந்தக்கூடிய தூரம் வெறும் 3 மில்லிமீட்டர். பிறகு அறிஞர்கள் யோசித்தார்கள். அந்தப் போட்டியில் 50 மீட்டர் குளத்தை எட்டு முறை கடக்க வேண்டும். ஒரு தடம் மற்றதைவிட 1 மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே எட்டு முறையில் 8 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். அவ்வளவு துல்லியமாகச் சுவர் கட்ட யாரால் முடியும்? கடிகாரம் நுண்மையானதுதான், குளம் அவ்வளவு நுண்மையானதில்லை! ஆகவே விதியை மாற்றினார்கள். நீச்சலில் இன்று நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிலும் சமமாக வந்தால் இருவருக்கும் ஒரே இடம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸ் உள்ளிட்ட மூவர் 51.14 வினாடியில் வந்தார்கள். மூவருக்கும் வெள்ளிப் பதக்கம் தரப்பட்டது.

"இதற்கு மேல் எங்களால் வேறுபடுத்த முடியாது" என்று ஒப்புக்கொள்வது அறிவியலின் தோல்வி ஆகாது. அதுதான் அறிவியலின் நேர்மை. மீச்சிற்றளவு என்று நீங்கள் பாடத்தில் படிப்பதன் உட்பொருளும் இதுவே.

என் பள்ளி நாட்களில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு விளையாட்டு விழாவில் 200 மீட்டர் ஓட்டத்துக்கு எல்லையில் ரிப்பன் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நண்பனும் இன்னொரு மாணவனும் மூன்றாம் இடத்துக்கு ஒன்றாக வந்தார்கள். இரண்டடி தூரத்தில் நின்ற எனக்கே யார் முந்தியது என்று தெரியவில்லை. நடுவர் கண்ணால் பார்த்து, என் நண்பனை நான்காவது என்றார். அடுத்த ஆண்டு அவன் ஓட வரவில்லை. "எனக்கு ஓட வராதுடா" என்றான். அளக்க முடியாத ஒரு வேறுபாட்டை அவன் தன் தகுதியின் அளவாக எடுத்துக்கொண்டான். அப்போது அவனிடம் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

உங்களில் பலரைப் பொறியியல், மருத்துவம் என்று மதிப்பெண் வரிசை காத்திருக்கிறது. அரை மதிப்பெண்ணில் பல பேர் முன்னே நிற்பார்கள். பல பேர் பின்னே நிற்பார்கள். நான் விடைத்தாள் திருத்துபவன். ஒரு முறை, ஏற்கெனவே திருத்திய தாள் ஒன்றை மதிப்பெண்ணை மறைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மீண்டும் திருத்திப் பார்த்தேன். 3 மதிப்பெண் வேறுபட்டது! அதே தாள், அதே ஆசிரியர்தான். வரிசை என்று ஒன்று வைத்தால் யாரையாவது முன்னே நிறுத்தத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அரை மதிப்பெண் குறைந்தவன் அறிவில் குறைந்தவன் என்று நீங்களும் நினைக்காதீர்கள், உங்கள் பெற்றோரையும் நினைக்க விடாதீர்கள். அந்த அளவுகோலின் மீச்சிற்றளவு அரை மதிப்பெண்ணைவிடப் பெரியது.

பாரிஸில் இந்தியாவுக்குக் கிடைத்தவை ஆறு பதக்கங்கள். நான்காம் இடங்களும் ஆறு. பளு தூக்கும் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார். வெண்கலம் 200 கிலோவுக்குப் போயிற்று. பதக்கப் பட்டியலில் அந்த ஆறு நான்காம் இடங்களும் தெரிவதில்லை. 2028இல் பட்டியலைப் பார்க்கும்போது, அதற்குக் கீழே மறைந்திருக்கும் விரற்கடைகளையும் தேடிப் பாருங்கள்.

அதுவரை என்ன செய்யலாம்? விளையாட்டுப் பாடவேளையில் மைதானத்துக்குப் போங்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று அந்தப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். கணக்கும் அங்கேயே இருக்கிறது. 50 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். எல்லையில் மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு நிறுத்துக் கடிகாரத்தோடு நிற்கட்டும். முதலில் கை தட்டி ஓட்டத்தைத் தொடங்குங்கள். அடுத்து கைக்குட்டையை அசைத்துத் தொடங்குங்கள். கைதட்டல் எல்லையை அடைய 0.15 வினாடி ஆகும். துப்பாக்கியின் ஒலியைக் கேட்காமல், புகையைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்று நேரம் குறிப்பவர்களுக்கு விதி வைத்ததன் காரணம் அப்போது புரியும். மூன்று கடிகாரங்களும் மூன்று நேரம் காட்டினால் நடு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலில் நீங்கள் படிக்கும் இடைநிலை அளவு அதுதான். உங்கள் கடிகாரம் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். உங்கள் விரல் அவ்வளவு துல்லியமானதா என்று நீங்களே பாருங்கள்.

யாராவது நான்காவதாக வந்தால், அடுத்த வாரமும் அவரை ஓட அழைத்து வாருங்கள். 2028 ஜூலையில் காலை ஏழரை மணிக்கு நாம் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.