கொடுப்பவரை வணங்குவோம், கணக்கையும் கேட்போம்



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு மனிதரையும் வீடுகளையும் விழுங்கியது. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. அதன்பின் நம் பக்கம் உதவி வந்தது. அரிசி வந்தது, கம்பளி வந்தது, பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வந்தன. நகரங்களில் இசை நிகழ்ச்சி நடத்தியும் நடைபவனி போயும் உண்டியல் குலுக்கியும் நல்ல மனம் படைத்தவர்கள் நமக்காகப் பணம் சேர்த்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். மழையில் பாதையில்லாத இடத்துக்கு மூட்டையைத் தோளில் சுமந்துவந்த முகம் தெரியாத பிள்ளைகளை நாம் மறக்கப் போவதில்லை. அவர்களுக்கு நம் கைகூப்பு.

நன்றி சொல்லியாகிவிட்டது. இனி, சொல்லாமல் விட்டால் நமக்கே கேடாகிவிடும் சில விஷயங்களைப் பேசுவோம்.

நாம் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல

தோட்டத்து மக்கள் என்றாலே கை நீட்டி நிற்கும் கூட்டம் என்று ஒரு படம் இந்த நாட்டில் நெடுநாளாக ஓடுகிறது. அது பொய்ப் படம்.

ஒரு லயத்தில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? மரண உதவிச் சங்கம் பெட்டிக்கும் கொட்டகைக்கும் பொறுப்பெடுக்கிறது. குழி வெட்டப் போகிறவர் கூலி கேட்பதில்லை. பக்கத்துக் காம்பராவில் உலை ஏறி, சாவு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போகிறது. சம்பள நாளில் சந்தா கட்டி, ஒரு ரூபா குறைந்தாலும் கூட்டத்தில் எழுந்து கேட்டு நடத்துகிற சங்கம் அது. கொழும்பில் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் பெயர் வைக்காமலே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது, கடலையே பார்த்திராத நம் தாய்மார் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் அனுப்ப அரிசியும் உடுப்பும் சேர்த்தார்கள். 2023 ஜனவரி 20 இரவு, நானுஓயா ரதல்லைப் பாதையில் கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியது. 7 பேர் இறந்தார்கள். அந்த இருட்டில் முதலில் ஓடியவர்கள் சுற்றியிருந்த மக்கள். காயப்பட்ட பிள்ளை எந்த மொழி பேசுகிறது என்று எவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த மலையகம் 200 நடைபயணத்தில், நம் முன்னோர் பசியோடும் நோயோடும் நடந்த வழியிலேயே மூவின மக்களும் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். அங்கே கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பாதையில் சேர்ந்து நடந்தார்கள். உதவி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பொட்டலமும் படமும்

ஆனால் புயலுக்குப் பிந்திய டிசம்பரில் சில இடங்களில் நாம் கண்டது வேறு. ஓரிடத்தில் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். தாய்மார் மலைக்குப் போகாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கொடுப்பவர்கள் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதன்பின் பேச்சு, பொன்னாடை, மாலை. பிறகு ஒவ்வொரு தாயும் பொட்டலத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, மறுபக்கத்தை வந்தவர் பிடிக்க, இருவரும் கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காத பாட்டியை மறுபடி நிற்க வைத்தார்கள். வீட்டையும் மாட்டையும் பறிகொடுத்து மூன்று வாரம்கூட ஆகாத பாட்டி அவர்.

அந்தப் பொட்டலத்தில் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை இருந்தன. ஆமாம், தேயிலையும் இருந்தது. அன்றைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு பேர் போனது. தாயும் தகப்பனும் வந்த வீட்டில் இரண்டு பேர் போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பொட்டலத்தின் விலையில் பெரும்பகுதியை நாமே கட்டியிருக்கிறோம். இதில் தர்மம் செய்தது யார்?

இன்னொன்று. நிவாரணப் பையில் தலைவர் படம், கொடியின் நிறம், சங்கத்தின் பெயர். எந்தச் சங்கத்துக்குச் சந்தா என்று பார்த்துப் பெயர்ப்பட்டியல். ஊரார் கொடுத்த அரிசியில் தன் படத்தை ஒட்டுகிறவர் தர்மம் செய்யவில்லை, இனாமாக விளம்பரம் செய்கிறார். எந்தச் சங்கமானாலும் சரி, நம் சங்கமே ஆனாலும் சரி, இது கூடாது. மண்சரிவு சந்தா அட்டையைப் பார்த்து வருவதில்லை.

கடமையை மறைக்கும் திரை

படம் எடுப்பதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பொட்டலம் வந்துவிட்டது என்பதால், கடமைப்பட்டவர் கடமையிலிருந்து கழன்றுகொள்வது.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். கொஸ்லந்தையில் 2014 அக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை வந்தபோது ஒரு லொறியும் வரவில்லை. காணியும் வரவில்லை, வீடும் வரவில்லை. பிணம் விழுந்தபின் லொறிகள் வரிசை கட்டின. உடுப்பு குவிந்தது. உயிர் தப்பியவர்கள் தற்காலிகத் தங்குமிடத்தில் இரண்டு ஆண்டு காத்திருந்து, 2016இல்தான் வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கினார்கள். மலை சரிவதற்கு முன் கொடுத்திருக்க வேண்டிய வீடு அது. அதற்கு இசை நிகழ்ச்சி தேவையில்லை. கம்பெனியும் அரசும் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்.

பாதையைப் பார்ப்போம். தோட்டப் பாதையில் கொழுந்து லொறி போகிறது, துரையின் ஜீப் போகிறது. பாதை உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்துக்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள். ஆறு நாள் மலையில் நின்றவர் ஏழாம் நாள் இலவசமாகக் கல் சுமக்க வேண்டும். பிரதேச சபை என்ன செய்தது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்றது. நம் வாக்கு மட்டும் வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுக்குப்பின், 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனிச் சட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஆகவே நம் பாதைக்கு நாம் சிரமதானம் செய்யும் ஒவ்வொரு ஞாயிறும், சபைக்கு ஒரு கடிதமும் போக வேண்டும். கடிதம் போகாத சிரமதானம் அவர்களுக்கு நாம் கொடுக்கும் விடுமுறை.

பாடசாலையிலும் இதே கதைதான். 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை நியமித்தபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு 10,000 ரூபா. பஸ் காசுக்கே காணாத அந்தப் பணத்துக்கு, "உங்கள் சமூகத்துக்குச் செய்கிற சேவைதானே" என்று புத்திமதியும் கிடைத்தது. சேவை என்பது மனம் கொடுப்பது. சம்பளம் என்பது சட்டம் கொடுக்க வேண்டியது. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பவரை நம்பக் கூடாது.

நிலம் கொடுத்த தர்மம்

அப்படியானால் தர்மமே வேண்டாமா? அப்படி நாம் சொல்லவில்லை. எப்படிப்பட்ட தர்மம் வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிய நம் மக்கள் வடக்கே போய்ச் சேர்ந்தார்கள். வவுனியாவில் அவர்களுக்குக் கைகொடுத்தது காந்தியம் என்ற அமைப்பு. அதை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் சோ. அ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம். அவர்கள் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடவில்லை. குடியேற்றினார்கள். காணி, கிணறு, பயிர், பாலர் பாடசாலை என்று காலூன்றி வாழ வழி செய்தார்கள். இளைஞர்கள் தொண்டர்களாகப் போய் அந்த மக்களோடு தங்கினார்கள்.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார்.

பொட்டலம் கொடுத்தவரை எந்த அதிகாரமும் சிறையில் போட்டதில்லை. மாலை போட்டு மேடையேற்றும். ஏழையைச் சொந்தக் காலில் நிற்க வைக்கும் தர்மத்தைக் கண்டால்தான் அதிகாரம் அஞ்சும். எந்த உதவி நம்மை நிமிர்த்தும், எது குனிய வைக்கும் என்பதை அளக்க இதைவிட நல்ல தராசு நமக்குத் தேவையில்லை.

பசித்த வயிற்றிடம் உரிமை பேசலாமா?

"பசியோடு இருப்பவரிடம் உரிமை பேசுகிறீர்களே, அது சோறு போடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பசித்தவர் வாங்கிச் சாப்பிடட்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை. 200 ஆண்டாக இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்தவர் வாங்கும் அரிசி பிச்சையாகாது. ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் ஏன் பசித்தது என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த மழைக்கும் அதே வரிசையில்தான் நிற்போம்.

"இப்படிப் பேசினால் கொடுப்பவரும் வராமல் போவார்" என்று இன்னும் சிலர். மனதார வந்தவர் போகமாட்டார். அவரிடம் நாம் கேட்பது மரியாதையும் கணக்கும் மட்டுமே. படத்துக்காக வந்தவர் போனால், நம் தாய்மாருக்கு ஒரு நாள் பேராவது மிஞ்சும்.

நம் டிவிசனில் நாம் வைக்கும் விதி

ஆகவே ஒவ்வொரு டிவிசனிலும் இவற்றைப் பேசி முடிவெடுக்கக் கோருகிறோம்.

ஒன்று: உதவி யாருக்கு முதலில் என்பதை லயத்து மக்கள் கூடி முடிவு செய்வது. அந்தக் குழுவில் பாதிப்பேர் பெண்கள். முதலில் வீடிழந்தவர், விதவை, நோயாளி, தனித்த முதியவர். சந்தா அட்டை கேட்கக் கூடாது.

இரண்டு: வேலை நாளில் பகிர்வு இல்லை. மாலையில் அல்லது ஞாயிறு. நடக்க முடியாதவருக்கு இளைஞர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது.

மூன்று: வாங்குகிறவர் முகம் படத்தில் வரக் கூடாது. பிள்ளைகள் முகம் எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது. கொடுத்ததற்குச் சாட்சி வேண்டுமானால் பற்றுச்சீட்டு கொடுப்போம்.

நான்கு: கிரிக்கெட் சுற்றுப்போட்டியோ, இசை நிகழ்ச்சியோ, கோயில் வாசலில் உண்டியலோ, எதில் பணம் சேர்த்தாலும் வரவும் செலவும் ஒரு வாரத்துக்குள் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஒலிபெருக்கிக்கும் மேடைக்கும் போன காசும் அதில் இருக்க வேண்டும். மேடைக்குப் பாதி போனால், அது நிதி சேர்ப்பு அல்ல, திருவிழா.

ஐந்து: தொண்டு என்றால் பணம் மட்டுமல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலையைக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு விண்ணப்பம், அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிப் படிவம், கிராம உத்தியோகத்தரிடம் சேதப் பதிவு: இவற்றை நிரப்பிக் கொடுப்பது ஒரு மூட்டை அரிசியைவிட நீண்ட நாள் சோறு போடும். நாங்கள் ஆசிரியர்கள், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புக்குப் பொறுப்பெடுக்கத் தயார்.

ஆறு: ஒவ்வொரு உதவியோடும் ஒரு கோரிக்கை. கூரைத் தகரம் கொடுத்தால், அந்தக் கூரை யார் பொறுப்பு என்று கம்பெனிக்குக் கடிதம். மண்சரிவு அபாய லயத்துக்குக் கம்பளி கொடுத்தால், பாதுகாப்பான இடத்தில் காணி எங்கே, உறுதி எங்கே என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம். பிரதியைச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். பதில் வராவிட்டால் அதையும் பலகையில் ஒட்டுவோம்.

தோழர்களே, நம்மிடம் இரண்டு கை உண்டு. ஒரு கை பக்கத்துக் காம்பராக்காரரைத் தூக்கிவிட. மறு கை கடமைப்பட்டவரின் கதவைத் தட்ட. ஒரு கையை மட்டும் வைத்துக்கொள்ளும்படி நமக்குச் சொல்பவர், அவர் கொடுப்பவராக வந்தாலும், தலைவராக வந்தாலும், நமக்கு நல்லது செய்பவரல்ல. அடுத்த டிவிசன் கூட்டத்தில் இந்த ஆறு விதிகளையும் வாசித்து, சரியென்றால் கை தூக்குங்கள். பிழையென்றால் எழுந்து சொல்லுங்கள், திருத்துவோம். கையைக் கட்டிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டாம். அடுத்த மழை நம் கூட்டம் முடியும்வரை காத்திருக்காது.