‘சித்தர் மூலிகை’ என்று சொல்லித் தரும் கஞ்சா... இதயத்தை என்ன செய்யும்?

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று அரியூர் நாடு. மிளகு, காபி, மரவள்ளி, பலா என்று உழைத்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் நிறைந்த பகுதி. கொல்லிமலை என்றதும் பலருக்கு மூலிகையும் சித்தர்களும்தான் நினைவுக்கு வரும். கோரக்கர், காலாங்கிநாதர் பெயர்களில் இங்கே குகைகளும் உண்டு.

கஞ்சாவுக்கு ‘கோரக்கர் மூலி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. இளைஞர்களிடம் கஞ்சாவை நீட்டுபவர்களுக்கு இந்தப் பெயர் வசதியாகப் போய்விட்டது. “சிகரெட்தான் கெடுதல், இது சித்தர் சொன்ன மூலிகை, ஒண்ணும் செய்யாது” என்பார்கள். கேட்பவரும் நம்பிவிடுகிறார். ஆனால், இதய மருத்துவம் சொல்வது வேறு.

மூலிகை வேறு, புகை வேறு

சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் இருப்பது உண்மைதான். ஆனால், அங்கே அதைச் சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, மிகக் குறைந்த அளவில் மருத்துவரின் கண்காணிப்பில் கொடுப்பார்கள். நம் நாட்டு மருந்து விதிகளிலேயே, பாரம்பரிய மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களின் பட்டியலில் விதை நீங்கலான கஞ்சாச் செடி இடம்பெற்றிருக்கிறது. பீடிப் புகையிலையோடு கசக்கி, சுருட்டி இழுப்பதற்கும் சித்த மருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்திய இந்தியர்கள் சுமார் 3.1 கோடி பேர். இவர்களில் சுமார் 1.3 கோடி பேர் கஞ்சா அல்லது சரஸ் பயன்படுத்தியவர்கள். ‘யாரோ நாலு பேர் பழக்கம்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது?

கஞ்சாவில் போதை தருவது ‘டிஹெச்சி’ என்ற வேதிப்பொருள். புகையை இழுத்த சில நிமிடங்களிலேயே இதயத் துடிப்பு ஏறத் தொடங்கும். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் 90, 100 என்று போகும். சிலருக்கு இரு மடங்காகவும் ஆகலாம். இந்த வேகம் 2, 3 மணி நேரம்கூட நீடிக்கும். உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவதும் உண்டு.

வேகமாக ஓடும் இதயத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவை. ஆனால், எந்தப் புகையானாலும் அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அது ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். தேவை கூடும்போது வரவு குறைகிறது. ஏற்கெனவே ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு இதுவே ஆபத்து.

1974-ல் அமெரிக்காவில், நெஞ்சுவலி நோயாளிகள் 10 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஒரு கஞ்சா சிகரெட் பிடித்த பிறகு உடற்பயிற்சி செய்யச் சொன்னபோது, வழக்கமாக வலி வரும் நேரத்தில் ஏறக்குறைய பாதியிலேயே அவர்களுக்கு வலி வந்துவிட்டது. கொல்லிமலைக்கு வருபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். சாதாரண நிலையிலேயே மூச்சு வாங்கவைக்கும் படிகள் அவை. கஞ்சா இழுத்துவிட்டு ஏறுபவரின் இதயம் இரண்டு சுமைகளைச் சேர்த்துச் சுமக்கிறது.

2001-ல், மாரடைப்பு வந்த 3,882 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், கஞ்சா பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 4.8 மடங்கு கூடுவதாகத் தெரிந்தது. 2024-ல் 4.3 லட்சம் பேரின் தகவல்களை ஆராய்ந்தபோது, தினமும் கஞ்சா பயன்படுத்துபவர்களிடம் மாரடைப்பு வாய்ப்பு 25 சதவிகிதமும், பக்கவாத வாய்ப்பு 42 சதவிகிதமும் அதிகமாக இருந்தது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். கஞ்சா பிடித்த எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்று அர்த்தமில்லை. ஆனால், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகையிலைப் பழக்கம், குடும்பத்தில் இதயநோய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருப்பவர் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

“புகைத்தால்தானே பிரச்னை, சாக்லேட்டாகச் சாப்பிட்டால்?” என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுக்குள் போன கஞ்சா வேலை செய்ய அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகும். “ஒண்ணும் ஏறலையே” என்று இன்னொன்றைச் சாப்பிட்டு, அளவு மீறிப் படபடப்போடு தவிப்பவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மறைத்தால் நேரம் போகும்

25 வயதுப் பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் முதலில் வரும் வார்த்தை, “வாயுப் பிடிப்பா இருக்கும், சோடா குடி.” கஞ்சா பிடித்தது கூட இருந்த நண்பர்களுக்குத் தெரியும். ஆனால், போலீஸ் பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள். சமவெளியில் இருப்பவருக்கே இந்தத் தாமதம் ஆபத்து. கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அதன் பிறகுதான் நாமக்கல் சாலை. மலையில் இருப்பவர் வீணாக்க ஒரு நிமிடம்கூட இல்லை.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்ற வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் வயதைப் பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். படியில் ஏறிக்கொண்டிருந்தால் அங்கேயே உட்கார வைக்க வேண்டும். மேலே நடக்க விடக் கூடாது.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் மலைவாழ் மக்களுக்குப் பெரிய துணை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும், நெஞ்சுவலியோடு வருபவரைப் பரிசோதித்து, ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8 என 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இவற்றை வீட்டில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்தக் கசிவு இருப்பவருக்கு இது விபரீதமாகிவிடும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல், “இத்தனை மணிக்குக் கஞ்சா எடுத்தான்” என்பது. எந்த மருந்து கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்க அவருக்கு அது தேவை.

சட்டம் கடுமையானதுதான். கஞ்சா பயன்படுத்தினால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. விட நினைப்பவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய இலவச எண்களை அழைக்கலாம்.

பிள்ளையிடம் பழக்கம் இருப்பது தெரிந்தால், அடிப்பதும் அழுவதும் அவனை இன்னும் மறைக்கவே வைக்கும். “நெஞ்சு படபடன்னு அடிச்சா, எந்த நேரமானாலும் எங்கிட்ட சொல்லுப்பா, திட்ட மாட்டேன்” என்று ஒரு அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்தால், வலி வரும் நாளில் அவன் சோடா தேடி ஓடாமல் அவளைத் தேடி வருவான்.