பறிக்கப்பட்ட கொடி

1964 இல் சிபெனிக் என்னுங் கடற்கரை நகரிற் பிறந்த டிராசன் பெற்றோவிச், கூடைப்பந்தாட்டத்திலே குறோசிய மக்கள் ஈன்ற ஒப்பற்ற வீரராவார். சாக்றெப் நகரின் சிபோனா அணி 1985 இலும் 1986 இலும் ஐரோப்பியக் கிண்ணத்தைச் சுவீகரித்தது அவராலன்றோ! அத்தகையவரை, 1989 இல் அமெரிக்கா சென்றபோது, போர்ட்லண்ட் அணியினர் பெரும்பாலும் வாங்கிலே இருத்திவைத்தனர். அங்கே தேர்ந்த ஆட்டக்காரர் இருந்தனர் என்பது மெய்யே. எனினும் ஐரோப்பியர் என்ற இளக்காரமும் இல்லாமலில்லை என்பதே எமது துணிபு. 1991 இல் நியூ ஜேர்சி அணிக்கு மாறியவர், 1992-93 பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 22.3 புள்ளிகள் ஈட்டினார். அப்படியிருந்தும் அவ்வாண்டின் நட்சத்திர ஆட்டத்துக்கு அவர் அழைக்கப்பட்டிலர்.

நிற்க. 1990 இல் யூகோசிலாவிய அணி உலக வாகை சூடியவேளை, குறோசியக் கொடியுடன் களத்துட் புகுந்த ஒருவரிடமிருந்து அக்கொடியைப் பறித்தார் சேர்பியரான விளாடே டிவாச். வெற்றி யாவர்க்கும் பொது என்பது அவர் வாதம். அவ்வாதத்தை நாம் முற்றாகத் தள்ளோம். ஆனால், பறித்த கை நண்பனின் கை என்பதனால் புண் ஆறிவிடுமா? பெற்றோவிச் நட்பை முறித்தார். அதற்காக அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஒருமுறையேனும் இருவரும் முகங்கொடுத்துப் பேசித் தீர்த்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் உண்டு.

1992 இல் பார்சிலோனாவிலே சுதந்திரக் குறோசியாவின் பெயரால் ஆடி ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1993 யூன் 7 ஆந் திகதி ஜேர்மனியில் வீதி விபத்தொன்றில் மாண்டார். வயது 28. பல்லாண்டுகள் கழித்து டிவாச் சாக்றெப் சென்று, நண்பரின் தாயாரைக் கண்டு, கல்லறையருகே நின்றார்.